லிஸ்ட்ல பேர் போட்ட நம்ம தமிழ் பேரன்ட்ஸுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சாஸ்ல நம்ம ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தமிழ் பேரன்ட்ஸ் குரூப்ல இருக்குற அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி நம்ம குரூப்ல ஒரு எக்ஸெல் ஷீட் வந்துச்சு. ஹைஸ்கூல் லைப்ரரில இருந்து எடுக்கச் சொல்லி ஸ்கூல் போர்டுக்கு கொடுக்கப்போற புத்தக லிஸ்ட், கீழ பேரும் பிள்ளையோட கிரேடும் போட இடம். மறுநாள் காலைல நான் எழுந்து பாக்குறதுக்குள்ள அதுல நம்மாளுங்க பேர் மட்டும் இருபத்தேழு. எல்லாரையும் எனக்குத் தெரியும். பொங்கலுக்கு ஒண்ணா பானை வச்சவங்க, நான் கோவிட்ல படுத்திருந்தப்போ தினமும் வாசல்ல ரசஞ்சோறு வச்சிட்டு பெல் அடிச்சிட்டுப் போனவங்க. அதனாலதான் யார்கிட்டயோ சண்டைக்கு நிக்கிற மாதிரி இல்லாம, உங்க வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து பேசுற மாதிரி இதை எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் மூணு வருஷமா புதன்கிழமை மதியம் அந்த லைப்ரரில வாலன்டியரா வேலை பாக்குறேன், உங்கள்ல பல பேருக்குத் தெரியும். திரும்பி வந்த புத்தகத்தை அடுக்குறது, முதுகு கிழிஞ்சதுக்கு டேப் போடுறது, யார் கேட்டு வச்சிருக்காங்களோ அவங்க பேர் சீட்டைச் சொருகி தனியா எடுத்து வைக்கிறது, இதான் வேலை. அந்த ஷீட்ல பாதிக்கு மேல என் கை பட்ட புத்தகங்க. அதுல ஒரு நாலஞ்சு புத்தகம் ஒரே வகை. கறுப்பினப் பொண்ணு கதாநாயகி, பதினாறு பதினேழு வயசு, அவ இன்னொரு பொண்ணைக் காதலிக்கிறா. காரணம்னு போட்டிருக்கிற இடத்துல எல்லாத்துக்கும் ஒரே வரி, காப்பி பேஸ்ட் பண்ணின மாதிரி, "பாலியல் ரீதியா தவறானது". அந்த வரியை எழுதினவங்க அந்தப் புத்தகத்தைத் திறக்கலைங்கறதை நான் அடிச்சுச் சொல்வேன், ஏன்னா நான் திறந்திருக்கேன்.

முதல்ல ஒண்ணைப் பத்தி விவரமா சொல்றேன், ஏன்னா அதுக்குத்தான் நானே ரெண்டு தடவை முதுகுல டேப் போட்டேன், அந்த அளவுக்கு கை மாறி கை மாறிப் போன புத்தகம். லீயா ஜான்சன்னு ஒரு எழுத்தாளர், 2020-ல எழுதின முதல் நாவல், பேரு 'யூ ஷுட் சீ மீ இன் எ கிரவுன்'. கதை இண்டியானா மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல நடக்குது. நம்ம ஊர்ல சில குடும்பங்களுக்கு மாப்பிள்ளை அழைப்பு எப்படியோ அந்த ஊருக்கு ப்ராம், அதாவது ஹைஸ்கூல் பிள்ளைங்களோட டான்ஸ் விழா, அப்படி, ஊரே ஒரு மாசம் அதைப் பத்தித்தான் பேசும். லிஸ் லைட்டின்னு ஒரு பொண்ணு, அந்த ஊர்ல தான் ரொம்பக் கறுப்பு, ரொம்ப ஏழை, ரொம்ப உயரம்னு நினைச்சு நினைச்சு யார் கண்ணுலயும் படாம ஓரமா நடந்து பழகினவ. அம்மா சிக்கிள் செல்ங்குற பரம்பரை ரத்த நோயில இறந்துட்டாங்க, தம்பிக்கும் அதே நோய், தாத்தா பாட்டி வளர்க்குறாங்க. கிளாரினெட் வாசிப்பா, நல்லா படிப்பா, டாக்டர் ஆகணும், நம்பி இருந்த காலேஜ் பண உதவி கைவிட்டுப் போயிடுது. தாத்தா பாட்டி வீட்டை வித்துடுவாங்களோன்னு பயம். ப்ராம் ராணியா ஜெயிச்சா 10,000 டாலர் ஸ்காலர்ஷிப் உண்டு. கூட்டத்தைக் கண்டாலே மூச்சு முட்டுற பொண்ணு அந்தப் போட்டில இறங்குறா. அதே போட்டில நிக்கிற புதுசா வந்த பொண்ணு மேக், டிரம்ஸ் வாசிக்கிறவ. ரெண்டு பேருக்கும் பிடிச்ச ஒரே மியூசிக் பேண்ட், அந்தக் கச்சேரிக்கு சேர்ந்து போறாங்க, அங்க இருந்து ஆரம்பிக்குது. காதல்னா முத்தத்தைத் தாண்டி அதுல ஒண்ணும் கிடையாது. கடைசியில லிஸ்ஸுக்கு கிரீடமும் கிடைக்குது, அந்தப் பொண்ணும் கிடைக்குறா.

அவ்வளவுதான் கதை. நான் இதைப் படிச்சது பொண்ணோட பரதநாட்டிய கிளாஸ் பார்க்கிங் லாட்ல, கார்ல ஏசி போட்டு உக்காந்து, மூணு சனிக்கிழமை. தம்பிக்கு வலி வந்து ஆஸ்பத்திரில சேர்க்குற இடத்துல அழுதேன். எனக்கு அந்தக் குடும்பம் புதுசாவே தெரியல. காலேஜ் ஃபீஸுக்கு வழி இல்லாம பெரியவங்களுக்குத் தெரியாம தானே ஏதாவது பண்ணிடணும்னு தவிக்கிற மூத்த பிள்ளை, அதை நாம எத்தனை வீட்ல பாத்திருக்கோம். வீட்டை விக்கிறதா நகையை அடகு வைக்கிறதாங்குற பேச்சு கதவுக்கு அந்தப் பக்கம் கேக்கும்போது இந்தப் பக்கம் தூங்குற மாதிரி கண்ணை மூடிட்டு படுத்திருந்த பிள்ளைங்கதானே நாமளும்.

இதே புத்தகத்தைத்தான் 2022-ல ஒக்லஹோமா மாநில அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் ஆபாசச் சட்டத்துக்குள்ள வருமான்னு பாக்குற லிஸ்ட்ல சேத்தாங்க. நம்ம பக்கத்து மாநிலம், எல்லை தாண்டினா வந்துரும். ஒரே பாலினக் காதல், திருநர் வாழ்க்கை பத்தின புத்தகங்களுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் கொடுக்குற ஸ்டோன்வால் ஹானரை 2021-ல வாங்கின புத்தகம், டைம் பத்திரிகை எல்லாக் காலத்துக்குமான சிறந்த 100 இளையோர் நாவல்னு அதே வருஷம் போட்ட லிஸ்ட்ல இருக்குற புத்தகம். ரெண்டு பொண்ணுங்க கை கோத்து டான்ஸ் ஆடுறது ஆபாசம்னா, அதுக்கு அடுத்த ஷெல்ஃப்ல பையனும் பொண்ணும் இதை விட எவ்வளவோ தாண்டிப் போற நாவல் வரிசையா நிக்குது, அதுல ஒண்ணு கூட நம்ம ஷீட்ல இல்ல. நான் ஒவ்வொண்ணா போய் பாத்துட்டுதான் சொல்றேன்.

இப்போ நீங்க கேக்கலாம், இருக்கட்டும், ஆனா இந்தக் கதைல அப்படி என்ன இருக்கு, பிள்ளைங்க ஏன் விழுந்து விழுந்து படிக்குதுங்க, ஏதோ ஃபேஷன், சோஷியல் மீடியா வேலைன்னு. அதுக்கு எனக்கு பதில் கிடைச்சது ஒரு பொண்ணுகிட்ட. பேர் வேண்டாம். ஸ்கூல் மியூசிக் பேண்ட் ஜாக்கெட் போட்டு வரும், பெரிய ஹெட்ஃபோன், கறுப்பினப் பொண்ணு, பத்தாவது கிரேடு. புத்தகத்தை எடுத்ததும் நேரா கடைசி சாப்டரைத் திறந்து நின்னுக்கிட்டே படிக்கும், அப்புறம்தான் எடுத்துட்டுப் போகும். ஒரு நாள் கேட்டேன், ஏம்மா, முடிவு தெரிஞ்சுட்டா கதை சப்புன்னு ஆயிடாதான்னு. அது சொல்லுச்சு, "யாரும் சாகலைன்னு முதல்ல பாத்துக்கணும் மிஸ். அப்புறம்தான் என்னால முதல் பக்கத்துக்கு வர முடியும்."

அந்தப் பதிலை நான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். பாத்திரம் கழுவும்போது, படுக்கும்போது, அதே ஓடிட்டு இருந்துச்சு. நாம சின்ன வயசுல கதை படிச்சப்போ இப்படி ஒரு பயம் நமக்கு இருந்ததா? நம்மள மாதிரி ஒருத்தி கதைல வந்தா அவ சாகத்தான் போறான்னு.

அந்தப் பொண்ணோட பயம் காரணம் இல்லாம வரலை, அதுக்கு ஒரு வரலாறு இருக்கு, அதையும் நான் இந்த ஆறு மாசத்துல தேடிப் படிச்சேன். கறுப்பினப் பொண்ணு ஒருத்தி இன்னொரு பொண்ணைக் காதலிக்கிற இளையோர் நாவல் அமெரிக்காவுல 1976-லேயே வந்துடுச்சு, பேரு 'ரூபி', எழுதினவங்க ரோசா கை. அவங்க டிரினிடாட்ல பிறந்து சின்ன வயசுல நியூயார்க் ஹார்லெமுக்கு வந்தவங்க. கதைலயும் அதே ஹார்லெம், கரீபியன்ல இருந்து குடியேறின குடும்பம், ரொம்பக் கண்டிப்பான அப்பா, வீடு ஸ்கூல் வீடுன்னு பொண்ணுங்களை அடைச்சு வைக்கிற அப்பா. படிக்கும்போது அந்த அப்பாவோட நாற்காலில நம்மாளு யாரையாவது உக்கார வச்சுப் பாக்காம இருக்க முடியாது. ஆனா அந்தக் காதல் முறிஞ்சு போகுது, ரூபி சாகத் துணியுற அளவுக்குப் போகுது கதை. அது அந்தக் காலத்து புத்தகம், எழுதினதே பெரிய தைரியம், நான் குறை சொல்லல. அப்புறம் 1982-ல 'ஆனி ஆன் மை மைண்ட்'னு ஒரு நாவல் வந்துச்சு, ரெண்டு பொண்ணுங்க காதல், முடிவுல சேருறாங்க, ஆனா ரெண்டு பேரும் வெள்ளைக்காரப் பொண்ணுங்க. அதுக்கே 1993-ல கன்சாஸ் சிட்டில அந்தப் புத்தகத்தை ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ் வாசல்ல போட்டு எரிச்சாங்க, பக்கத்துல ஒலேதான்னு ஒரு ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அதை லைப்ரரில இருந்து எடுத்தே எடுத்துட்டாங்க, பிள்ளைங்களும் பெத்தவங்களும் கோர்ட்டுக்குப் போய் 1995-ல ஜெயிச்சு திரும்ப வர வச்சாங்க. ஆக, சந்தோஷமான முடிவு வெள்ளைக்காரப் பொண்ணுக்கு 1982-ல கிடைச்சது. கறுப்பினப் பொண்ணுக்கு அது சாதாரணமா கடைல கிடைக்குற பொருளா ஆக இன்னும் கிட்டத்தட்ட நாப்பது வருஷம் ஆச்சு.

காதல் பக்கம் போறதுக்கு முன்னாடி, புத்தகமே கம்மி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல குழந்தைகள் புத்தக மையம் ஒண்ணு இருக்கு, அவங்க 1985-ல எண்ணிப் பாத்தப்போ அந்த வருஷம் நாடு முழுக்க வந்த சுமார் 2,500 சிறுவர் புத்தகத்துல கறுப்பினத்தவங்க எழுதினதோ படம் போட்டதோ வெறும் 18. பதினெட்டு! ஒரு கையில தூக்கிட்டு வந்துடலாம். அட்டை விஷயம் இன்னும் கொடுமை. 2009-ல கூட ஒரு நாவல், கதை சொல்றதே கறுப்பின வம்சாவளிப் பொண்ணு, குட்டை முடி, ஆனா பதிப்பகம் அட்டைல நீள முடியோட ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு போட்டோவைப் போட்டுட்டாங்க. எழுதினவங்களே வெளிப்படையா எதிர்ப்பு சொன்னதுக்கு அப்புறம்தான் மாத்தினாங்க. கறுப்பு முகம் போட்டா விக்காதுங்குற பேச்சு. இந்தப் பேச்சை நாம எங்க கேட்டிருக்கோம்னு நான் சொல்லணுமா, நம்ம சினிமா போஸ்டரைப் பாத்தா போதும்.

அப்போ ஒரு பொண்ணு ஷெல்ஃப் பக்கம் வந்து, தன் நிறத்துல, தன் முடியோட, தலைல கிரீடம் வச்ச ஒருத்தியை அட்டைல பாக்கும்போது அவ மனசுக்கு என்ன ஆகும். நான் நேர்ல பாத்திருக்கேன். புத்தகத்தை எடுக்க மாட்டாங்க முதல்ல. கடந்து போவாங்க, திரும்பி வருவாங்க, முதுகை ஒரு விரலால தடவுவாங்க, சுத்தி யாராவது பாக்குறாங்களான்னு பாப்பாங்க, அப்புறம் இன்னொரு ரெண்டு புத்தகத்துக்கு நடுவுல வச்சு கவுண்டருக்கு கொண்டு வருவாங்க. நான் முகத்துல ஒண்ணும் காட்டாம ஸ்கேன் பண்ணிக் கொடுத்துடுவேன்.

இன்னொரு விஷயம் இருக்கு, இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரில இருந்து 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு. பெரியவங்ககிட்ட கேட்டுப் பாத்ததுல, கறுப்பினப் பொண்குழந்தைகளை அதே வயசு வெள்ளைக்காரக் குழந்தைகளை விட விவரம் அதிகம் தெரிஞ்சவங்களா, அணைப்பும் பாதுகாப்பும் கம்மியாப் போதும்னு நினைக்கிறாங்க, அஞ்சு வயசுல இருந்தே. அஞ்சு வயசுக் குழந்தையை! இந்த நாவல்களோட ஈர்ப்பு எனக்கு அங்கதான் இருக்கு. இதுல அந்தப் பொண்ணு பொண்ணாவே இருக்கா. வெட்கப்படுறா, மெசேஜ் வந்துச்சான்னு போனைத் தலைகாணிக்கு அடில வச்சுப் படுக்குறா, தோழிகிட்ட உளறுறா, எந்த டிரஸ் போடுறதுன்னு ஒரு பக்கம் முழுக்க யோசிக்கிறா. போராளியா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, ஊருக்கு பாடம் சொல்லணும்னு இல்ல. அடிமை வரலாறு, போலீஸ் துப்பாக்கி, இதெல்லாம் வர்ற புத்தகமும் கண்டிப்பா வேணும், ஆனா ஒரு பிள்ளை அதை மட்டுமே எத்தனை நாள் படிக்கும். அவளுக்கும் மழைல நனைஞ்சு சிரிச்சுட்டு வர்ற ஒரு கதை வேணும். நம்ம ஷீட்ல "பாலியல்"னு போட்டப்போ நாமளும் அந்த ஆய்வுல வந்த பெரியவங்க மாதிரியேதான் பாத்திருக்கோம். வெள்ளைக்காரப் பொண்ணு முத்தம் கொடுத்தா டீனேஜ் காதல், கறுப்பினப் பொண்ணு கொடுத்தா ஆபாசம்.

ரொமான்ஸ்னா ஒரு வாக்குறுதி. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் அதுக்கு கொடுக்குற விளக்கத்துலயே இருக்கு, காதல்தான் மையம், முடிவு மனசுக்கு நிறைவா நம்பிக்கையா இருக்கணும்னு. இலக்கியம் பேசுறவங்க இதை ஃபார்முலான்னு தள்ளிடுவாங்க. ஆனா கடைசி சாப்டரை முதல்ல படிக்கிற அந்தப் பொண்ணுக்கு அந்த ஃபார்முலாதான் உயிர். உனக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமா உள்ள வான்னு புத்தகம் முன்கூட்டியே சொல்லிடுது.

எல்லா புத்தகமும் மாணிக்கம்னு நான் சொல்ல வரல. ஷீட்ல இருக்குற ஒண்ணுல கதை பாதில தொய்ஞ்சு போகுது, இன்னொண்ணுல வர்ற வில்லி காகிதத்துல வெட்டின மாதிரி இருக்கா. ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜூனாடா பெட்ரஸ் 2019-ல எழுதின 'தி ஸ்டார்ஸ் அண்ட் தி பிளாக்னெஸ் பிட்வீன் தெம்'. அது சுலபமான புத்தகம் இல்ல, கவிதையும் ஜோசியமும் கலந்து, பேச்சு வழக்குலயே போகுது, முதல் இருபது பக்கம் நான் திணறினேன். ஆட்ரின்னு பதினாறு வயசுப் பொண்ணு, டிரினிடாட்ல அம்மாவோட இருக்கா, அம்மா சர்ச்சே கதின்னு இருக்குறவங்க. பொண்ணு இன்னொரு பொண்ணோட இருக்குறதைப் பாத்துட்டு, அமெரிக்காவுல மினியாப்பொலிஸ்ல இருக்குற அப்பாகிட்ட அனுப்பி வச்சிடுறாங்க. தண்டனையா. நாம பிள்ளைங்களை மிரட்டுறது, "பேசாம இருக்கியா, இல்ல ஊருக்கு அனுப்பிடவா". அங்க அது தலைகீழா நடக்குது. போற இடத்துல மேபெல்னு ஒரு பொண்ணு, அவளுக்கு உடம்பு சரியில்ல, நாளுக்கு நாள் சோர்ந்து போறா, ஆட்ரி பாட்டிகிட்ட கத்துக்கிட்ட கை வைத்தியமும் அன்பும் வச்சுக்கிட்டு பக்கத்துல உக்காந்திருக்கா. பாட்டிதான் அந்தப் புத்தகத்தோட மனசு. அம்மா விரட்டினாலும் பாட்டி விரட்டல. எங்க அப்பத்தா எனக்கு அப்படித்தான் இருந்தாங்க, அதனால எனக்கு அந்தப் பாட்டி பேசுற பக்கம் வந்தாலே தொண்டை அடைக்கும்.

பிராண்டி கோல்பர்ட்டோட 'லிட்டில் அண்ட் லயன்' பத்தியும் ரெண்டு வரி. லாஸ் ஏஞ்சலஸ்ல நடக்குற கதை, சுசெட்னு கறுப்பின யூதப் பொண்ணு, அவளுக்கு பையனையும் பிடிக்கும் பொண்ணையும் பிடிக்கும், அதைப் புரிஞ்சுக்க முடியாம குழம்புறா. ஆனா கதைல பாதி, அவளுக்கு ஸ்டெப் பிரதர் முறைல அண்ணன் ஆகுறவனுக்கு வந்த பைபோலார் நோயைப் பத்தி. மனநோயை வீட்டுக்குள்ள மூடி மூடி வைக்கிற நாம, நம்ம பிள்ளைங்க கைல வலியப் போய் கொடுக்க வேண்டிய புத்தகம் அது. அதுவும் அந்த ஷீட்ல இருக்கு.

இப்போ நம்மளைப் பத்தி. இது நம்ம கதை இல்ல, அவங்க கதை, அவங்க பிள்ளைங்களுக்காக அவங்க எழுதினது, அதை நான் மறக்கல. ஆனாலும் நம்ம வீட்ல ஒண்ணு நடக்குது, சொல்லாம இருக்க முடியல. எங்க அத்தை எனக்கு வச்ச பேரு கறுப்பி. பாசமாத்தான் கூப்பிடுவாங்க. என் தங்கச்சி சிவப்பு, அவளுக்கு அந்த மாதிரி பேர் எதுவும் இல்ல. என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ ஜாதகத்தோட கொடுத்த பேப்பர்ல மாநிறம்னு எழுதினாங்க, அது பொய்னு எழுதினவங்களுக்கும் தெரியும் படிச்சவங்களுக்கும் தெரியும். டல்லாஸ் பக்கம் வந்து செட்டில் ஆகி பதினாலு வருஷத்துக்கு அப்புறம், என் பொண்ணு நீச்சல் கிளாஸ்ல இருந்து வந்தப்போ நம்ம கூட்டத்துல ஒரு அக்கா "ஐயோ, இப்படி கறுத்துட்டியே கண்ணு"ன்னு கன்னத்தைப் பிடிச்சாங்க. நல்ல மனசோடதான். என் பொண்ணு அன்னைக்கு ராத்திரி லிஸ் லைட்டி புத்தகத்தை எடுத்துட்டு என் பெட்ல வந்து படுத்தா. ஒண்ணும் சொல்லல. படிச்சிட்டே தூங்கிட்டா. கறுப்பா இருக்குற ஒரு பொண்ணை, கறுப்பா இருந்தும்னு இல்லாம, அப்படியே, ஒருத்தி ஆசையா பாக்குற பக்கம் மார்ல திறந்து கெடந்துச்சு. நம்ம சினிமா, நம்ம சீரியல், நம்ம கல்யாண விளம்பரம் எதுவும் அவளுக்கு அந்தப் பக்கத்தைக் கொடுக்கல.

என் பொண்ணு நாளைக்கு யாரை விரும்புவான்னு எனக்குத் தெரியாது. உங்க பிள்ளைங்க யாரை விரும்பும்னு உங்களுக்கும் தெரியாது. இருபத்தேழு குடும்பத்துல எங்கேயாவது ஒரு பிள்ளை இந்த ஷீட்ல தன்னோட அப்பா பேரைப் பாத்திருக்கும்னு எனக்கு பயமா இருக்கு, ஏன்னா அந்த ஷீட் குரூப்போட நிக்கல, பிள்ளைங்க போனுக்கும் போயிடுச்சு, என் பொண்ணு காட்டித்தான் நானே பாத்தேன்.

நீங்க யாரும் கெட்ட எண்ணத்துல போடலைன்னு எனக்குத் தெரியும். "பிள்ளைங்களுக்கு ஆகாத புத்தகமாம், பேர் போடுங்க"ன்னு ஒருத்தர் அனுப்பினா நம்பிப் போட்டுடுறோம். நாடு முழுக்க இது இப்படித்தான் நடக்குது. 2021 அக்டோபர்ல நம்ம டெக்சாஸ்ல ஒரு சட்டமன்ற உறுப்பினர் சுமார் 850 புத்தகப் பேர் போட்டு ஒரு லிஸ்ட்டை ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு அனுப்பி, இதுல உங்ககிட்ட எத்தனை காப்பி இருக்கு, எவ்வளவு செலவு பண்ணினீங்கன்னு கேட்டார். அந்த மாதிரி லிஸ்ட்டுங்க ஊர் ஊரா சுத்துது. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2021-22 கல்வியாண்டுல வந்த ஆயிரத்துக்கும் மேல புகாரை எடுத்துப் பாத்தப்போ, அதுல 60 சதவீதம் வெறும் 11 பேர் கொடுத்தது. அதே வருஷம் ஸ்கூல்கள்ல தடை பண்ணின 1,648 புத்தகத்தை, எழுத்துச் சுதந்திரத்துக்காக வேலை பாக்குற பென் அமெரிக்கா அமைப்பு வகை பிரிச்சது, 41 சதவீதத்துல குயர் விஷயம், அதாவது ஒரே பாலினக் காதல், திருநர் வாழ்க்கை மாதிரி, இருக்கு, 40 சதவீதத்துல வெள்ளையர் இல்லாத முக்கிய பாத்திரம் இருக்கு. அந்த ரெண்டு வட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு விழுற இடத்துலதான் நான் சொன்ன பொண்ணுங்க நிக்கிறாங்க. ரெண்டாவது வட்டத்துல நாமளும் இருக்கோம். நம்ம பிள்ளைங்க பேர்ல, நம்ம நிறத்துல வர்ற புத்தகமும் அதுல உண்டு. அதை யோசிச்சீங்களா.

உங்க பிள்ளைக்கு ஒரு புத்தகம் வேண்டாம்னு நினைச்சா அது உங்க உரிமை, நான் அதுல தலையிட மாட்டேன். லைப்ரேரியனுக்கு ஒரு மெயில் போட்டா போதும், உங்க பிள்ளையோட கணக்குல குறிச்சு வச்சிடுவாங்க, செக்அவுட் ஆகாது, யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ஆனா இந்த ஷீட் அது இல்ல. இது பந்தில உக்காந்திருக்குற பக்கத்து வீட்டுப் பிள்ளை முன்னாடி இருந்து இலையை எடுக்குறது. நம்ம பிள்ளைக்கு அந்தக் கூட்டு பிடிக்கலைன்னா நம்ம இலைல வைக்க வேண்டாம்னு சொல்லுவோம், பக்கத்து இலையை எடுப்போமா? விருந்தோம்பலுக்கு பேர் போனவங்கன்னு மேடைக்கு மேடை நாமதானே பேசுறோம்.

ஷீட் போர்டுக்குப் போறதுக்கு முன்னாடியே ஒரு சில புத்தகத்தை எடுத்து பின்பக்க ரூம்ல ஒரு டிராலில வச்சிட்டாங்க, மேல மஞ்சள் ஸ்டிக்கர், பரிசீலனைல இருக்குன்னு. இந்தப் புதன்கிழமை நான் போனப்போ கடைசி சாப்டர் பொண்ணு வந்துச்சு. ஷெல்ஃப்ல அந்த இடம் காலியா இருக்குறதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் நின்னுச்சு. பக்கத்துப் புத்தகம் ரெண்டும் அந்த இடைவெளில சாய்ஞ்சு கெடந்துச்சு, அதை நேரா நிமித்தி வச்சிட்டு என்கிட்ட வந்து, "அது திரும்ப வருமா மிஸ்"னு கேட்டுச்சு. நான் பிரூக்ளின் பப்ளிக் லைப்ரரி 2022-ல இருந்து 13 வயசுல இருந்து 21 வரைக்கும் நாட்டுல எங்க இருக்குற பிள்ளைக்கும் இலவசமா இ-கார்டு கொடுக்குறதைப் பத்தி சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. ஒக்லஹோமால நார்மன்னு ஒரு ஊர்ல ஒரு இங்கிலீஷ் டீச்சர் தன் கிளாஸ்ல இருந்த புத்தகத்தை எல்லாம் சிவப்புப் பேப்பர் போட்டு மூடி, அதே லைப்ரரியோட க்யூஆர் கோடை ஒட்டி வச்சதுக்கு 2024-ல அவங்க டீச்சர் லைசென்ஸையே ரத்து பண்ணிட்டாங்க. நான் வாலன்டியர்தான், எனக்குப் போறதுக்கு லைசென்ஸ் இல்ல, ஆனா அங்க இருக்குற லைப்ரேரியனுக்கு என்னால பிரச்சனை வரக்கூடாது. அதனால "தெரியலம்மா"ன்னு சொன்னேன். அந்தப் பிள்ளைகிட்ட அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் உறுத்திட்டு இருக்கு, அதான் இந்த லெட்டர்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. பேர் போட்ட இருபத்தேழு பேரும் அந்த ஷீட்ல இருக்குறதுல ஒரே ஒரு புத்தகத்தை முழுசா படிங்க. லிஸ் லைட்டி புத்தகம் என்கிட்ட சொந்தக் காப்பி ரெண்டு இருக்கு, டிரினிடாட் பொண்ணு புத்தகம் ஒண்ணு. சனிக்கிழமை காலைல டான்ஸ் கிளாஸ் பார்க்கிங்ல, நீல வேன், வந்து வாங்கிக்கோங்க, திருப்பித் தர அவசரம் இல்ல. டீ ஃபிளாஸ்க்ல இருக்கும். படிச்சதுக்கு அப்புறமும் இது எடுக்க வேண்டிய புத்தகம்தான்னு தோணினா உங்க பேர் அப்படியே இருக்கட்டும், ஆனா எந்தப் பக்கம் எந்த வரின்னு காரணத்துக்கு நேரா உங்க சொந்தக் கையால எழுதுங்க. தோணலைன்னா பேரை எடுத்துடுங்க, ஷீட் இன்னும் திறந்துதான் இருக்கு, யார்கிட்டயும் சொல்லணும்னு கூட இல்ல.

போர்டு மீட்டிங் அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு. பேச மூணு நிமிஷம் கொடுப்பாங்க, நான் பேர் கொடுத்திருக்கேன். யாராவது கூட வந்து பக்கத்துல உக்காந்தா எனக்கு தைரியமா இருக்கும்.